விளக்கம் கேட்டதற்குப் பதில்

பிரதேச சபை முகாமைத்துவ உதவியாளர்
நிலோஜினி மிஸ் அவர்களுக்கு,
குருமண்வெளித் துறையில்
பாதை ஓட்டும் பூபாலபிள்ளை எழுதுவது.

பதினாலாம் திகதி வரவேட்டில்
'வந்த நோக்கம்' என்ற கட்டத்தில்
'கடமை' என்று எழுதவேண்டிய நான்
'கடவுள்' என்று எழுதியிருக்கிறேனாம்.
சிவப்பு மையால் வட்டம் போட்டு
மூன்று நாளுக்குள் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள்.

எழுதினது நான்தான்.
விடிய அஞ்சு மணி, கண்ணில் பாதி நித்திரை.
முதல் ரெண்டு எழுத்தும் ஒன்றுதானே மிஸ்,
அதற்குப் பிறகு பேனை தன்பாட்டில் போய்விட்டது.

கோவையில் போட இவ்வளவும் காணும்.
எனக்குக் காணாது.

பதினொரு வருசம் 'கடமை' என்றே எழுதினேன்.
பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன்.
ஆறரை என்றால் ஆறரை.
ஒரு நிமிசம் பிந்தி ஓடிவந்த
பிள்ளைத்தாய்ச்சியைக் கரையில் விட்டுப் போயிருக்கிறேன்.
சட்டப்படி சரி.

ஆவணியில் மண்டூரில் கொடியேறினால்
இக்கரைச் சனம் முழுக்க
என் பலகையில்தான் அக்கரை போகும்.
காவடி, பால்செம்பு, மொட்டையடித்த பிள்ளை,
மோட்டார் சைக்கிள், நேர்த்திக்கு விடும் சேவல்.
நடு ஆற்றில் நிற்கும்போதுதான் பூசை மணி கேட்கும்.
எல்லாக் கையும் குவியும்.
என் கை கயிற்றில்.
விட்டால் பாதை கிறுகிவிடும்.

அவரோடு கோபித்திருக்கிறேன்.
'வாறவனுக்கெல்லாம் முகம் காட்டுறாய்,
கொண்டுவாறவனுக்கு
மற்றவன் நெற்றித் திருநீறு மட்டுமா?'
என்று கேட்டிருக்கிறேன்.
கந்தோருக்கு மாற்றம் கிடைத்தால்
காவடி எடுப்பதாகப் பேரமும் பேசினேன்.
மாற்றம் வரவில்லை. நானும் எடுக்கவில்லை.
கணக்குச் சரி என்று விட்டுவிட்டேன்.

மறுகா, பதின்மூன்றாம் திகதி.
பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை மிஸ்.
இரவெல்லாம் மழை, இருக்கைப் பலகை முழுக்கத் தண்ணி.
துடைக்கும்படி எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.
தோளில் கிடந்த துவாயை எடுத்துத் துடைத்தேன்.
சுகிர்தமலர் டீச்சர் ஏழு மணிக்கு வருவா.
வெள்ளைச் சீலை, அன்றைக்குப் பரிசளிப்பு விழாவாம்.
இருப்பா, இறங்குவா, போவா.
பலகை காய்ந்திருந்தது அவவுக்குத் தெரியவும் வராது.

துடைத்து முடிகிறபோதுதான் கேட்டேன்,
யாரோ சீட்டியடிக்கிறார்கள்.
பார்த்தால் என் வாய்.

கொஞ்சம் பயந்துபோனேன்.
துடைத்த பலகையில்
டீச்சருக்கு முன்னமே
ஒருவர் வந்து இருந்துவிட்டமாதிரி.
ஆளைக் காணவில்லை.
பாதை மட்டும் ஒருபக்கம்
ஒரு விரல் தாழ்ந்தது.

மத்தியானம் நடு ஆற்றில் மணி கேட்டது.
அங்கே கப்புகனார்
வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி
ஒரு சொல்லும் இல்லாமல் பூசை செய்வார்.
இங்கே டீசல் புகைக்கு நானும்
வாயைக் கட்டியிருந்தேன்,
காலமை பலகை துடைத்த அதே துவாயால்.
அவர் கையில் தீபம், என் கையில் கயிறு.
ரெண்டு பேருமே பேசவில்லை.
ஆற்றுவாழை சிக்கிக் கயிறு கனத்தது,
உள்ளங்கை எரிந்தது.
அது எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த நாள் விடியத்தான் நான் அப்படி எழுதினது.

இனிமேல் 'கடமை' என்றே எழுதுகிறேன்,
உங்களுக்கும் கரைச்சல் வேண்டாம்.
ஆனால் அந்த ஒரு சொல்லை வெட்டவேண்டாம் மிஸ்.
நீங்கள் போட்ட சிவப்பு வட்டத்துக்குள்
நல்ல வடிவாக இருக்கிறார்.

மேலும் கேட்டுக்கொள்வது:
மூன்றாம் பலகையில் ஆணி எழும்பி நிற்கிறது,
சீலை கிழியும்.
கயிறு இருபது முழம் தேவை.
துவாய் நானே வாங்கிக்கொள்கிறேன்.

மண்டூர்க் கரையிலிருந்து
கடைசிப் பாதை இப்போதும் ஆறரைக்குத்தான்.
தூரத்தில் ஒரு டோர்ச் வெளிச்சம்
தடுமாறி ஓடிவந்தால்
நிற்கிறேன்.